ஒரு தண்ணிக்குத் தவிக்கும் பயிர்



'வறண்ட நிலத்துச் சிறு விவசாயியும் நீர் மேலாண்மையும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது, நேரம் சிறிது. அதனால் ஊர் உலகமெல்லாம் சுற்றாமல் நம் ராமநாதபுரம் சீமையை மட்டும் பேசுகிறேன். அதிலும் ஒரு தண்ணியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். விவசாயிகளுக்கு நான் சொல்வது புரியும். மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: பயிருக்கு ஒரு முறை நீர் பாய்ச்சுவதை 'ஒரு தண்ணி' என்போம். நம் பக்கத்தில் பயிர் கருகுவது பெரும்பாலும் அந்த ஒரு தண்ணி கிடைக்காமல்தான். அதை எங்கே சேர்த்து வைப்பது, எந்த வழியாகக் கொண்டுவருவது, யார் வயலுக்கு முதலில் விடுவது? இந்த மூன்று கேள்விகள்தான் இன்றைய பேச்சு.

ராமநாதபுரம் என்றால் வெளியூர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? தண்ணியில்லாக் காடு. அரசு ஊழியரை மிரட்ட வேண்டுமா? "ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடித்துவிடுவேன்" என்பார்கள். சினிமாவிலும் அதே வசனம்தான். கேட்டுக் கேட்டு நமக்கே அது உண்மை என்று பட்டுவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். இது அளவுக் கணக்கு, இதில் சண்டைக்கு இடமில்லை. நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெய்கிறது. பெருக்கிப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு 32 லட்சம் லிட்டர்! 10,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். அப்படி 320 லாரித் தண்ணீர் உங்கள் ஒற்றை ஏக்கரில் ஒரு வருஷத்தில் இறங்குகிறது. வாடகை கிடையாது, டீசல் கிடையாது, டோக்கன் கிடையாது.

பிறகு ஏன் பயிர் சாகிறது? அந்த மழையில் ஐந்தில் மூன்று பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அதுவும் மூன்று மாதமும் சீராகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு, நான்கு நாள் அடைமழை. பிறகு பத்துப் பதினைந்து நாள் வெயில். இன்னொரு தாழ்வு, இன்னொரு அடைமழை. அதோடு மார்கழியில் வானம் வெளுத்துவிடும்.

நம் நெல்லின் கதை என்ன? ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைக்கிறோம். மழையை நம்பி விதை மண்ணுக்குள் காத்துக் கிடக்கிறது. முதல் மழையில் முளைக்கிறது, ஐப்பசியில் தூர் கட்டுகிறது, மார்கழியில் பொதி வைத்துப் பால் பிடிக்கிறது. பால் பிடிக்கும் அந்த நேரத்தில் வயல் வெடித்துப் போனால் கதிர் பதர்தான். மூன்று மாதம் வளர்த்த பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் கை தூக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபம்.

அந்த நேரத்தில் பயிருக்கு எவ்வளவு வேண்டும்? ஏக்கருக்கு 50 மில்லிமீட்டர். அதாவது 2 லட்சம் லிட்டர். லாரிக் கணக்கில் 20 லாரி. 320 லாரி வந்த நிலத்தில் 20 லாரித் தண்ணீர் இல்லாமல் பயிர் செத்தது! இதை வறட்சி என்று எழுதிக்கொண்டு போகிறோம்.

நம் முன்னோர் இந்தக் கணக்கைப் பேனா பிடிக்காமலே போட்டவர்கள். வற்றாத ஆறு இல்லை, மலை இல்லை, நிலம் கடலைப் பார்த்துச் சாய்ந்த சமவெளி. இருந்தது அந்தச் சின்னச் சரிவு ஒன்றுதான். சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டார்கள். மேட்டுப்பக்கம் திறந்துவிட்டார்கள். கண்மாய் பிறந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. நம் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். 48 மடை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாரை பறக்க முடியாது என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

மாணவர்கள் ஒரு முறையாவது ஒரு பழைய குமிழி மடையைப் போய்ப் பாருங்கள். கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது போங்கள். கரையிலிருந்து தள்ளி, உள்வாயில் இரண்டு கல்தூண்கள் தனியாக நிற்கும். அவற்றுக்கு அடியில் கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் ஒரு துளை, அது நீரோடி. அடியில், தரையை ஒட்டிச் சிறு துளைகள், அவை சேறோடி. தொட்டியிலிருந்து சுரங்கக் குழாய் கரைக்கு அடியில் புகுந்து வாய்க்காலில் திறக்கும். மேல் துளையை அடைத்த குழவிக்கல்லைத் தூக்கினால் தண்ணீர் சுழித்து இறங்கும். அந்த இழுப்பில் அடியில் தங்கிய சேறும் சேறோடி வழியாகச் சேர்ந்து ஓடும். வயலுக்குத் தண்ணீரும் போயிற்று, வண்டலும் போயிற்று, மடையருகே தூரும் குறைந்தது. மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, ஒரு நட்டு போல்ட்டு கிடையாது. நூற்றாண்டுகளுக்கு முன் வைத்த அந்தத் தூண்கள் பல ஊர்களில் இன்னும் நிற்கின்றன. போன வருஷம் போட்ட கான்கிரீட் மதகில் திருகு துருப்பிடித்துப் போய்விட்டது என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

கண்மாய் ஒன்றோடு நிற்பதில்லை. நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாயும். அந்த மறுகால் கீழ் ஊர்க் கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அடுத்த ஊருக்கு. இப்படிச் சங்கிலியாகக் கடல்வரை போகும். மேல் ஊர்க்காரர் கலுங்கை இரண்டு கல் உயர்த்திக் கட்டினால் கீழ் ஊரில் விதை முளைக்காது. மேல் ஊர்க் கரை உடைந்தால் கீழ் ஊர்க் கரையும் தாங்காது. ஆகவே எந்த ஊருக்கும் தன் கண்மாய் மட்டும் நன்றாக இருந்தால் போதும் என்று இருந்துவிட முடியாது.

இடையில் ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன், நம் சீமைக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது. முல்லைப் பெரியாறு அணை என்றதும் அதைக் கட்டிய பென்னிகுவிக் பெயரைச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். அணை 1895இல் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. ஆனால் மேற்கே ஓடும் அந்தத் தண்ணீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பலாம் என்று 1789ஆம் ஆண்டளவிலேயே எண்ணிப் பார்த்தவர் ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்துஇருளப்பப் பிள்ளை. செலவு தாங்காது என்று கைவிட்டார். நூறு வருஷம் கழித்து அணை வந்தது. முதலில் நனைந்தவை கம்பம் பள்ளத்தாக்கும் மதுரையும் மேலூரும். யோசனை சொன்ன சீமை வாய்க்காலின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. கடைமடை என்பது வயலுக்கு மட்டும் இல்லை, மாவட்டத்துக்கும் உண்டு!

சரி, கண்மாய் இருக்கிறது, மழை பெய்கிறது. பிறகு ஏன் அந்த ஒரு தண்ணி இல்லை? இங்கேதான் எனக்கும் நம் அதிகாரிகளுக்கும் கருத்து வேறுபாடு.

கண்மாய் மேம்பாடு என்றால் இப்போது ஒரே வேலைதான் தெரிகிறது: தூர்வாருதல். ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து என்ற பழைய பெயரில் 2017இல் அரசு திட்டம் கொண்டுவந்தது, நல்ல நோக்கம்தான். ஆனால் நடந்தது என்ன? ஜேசிபி வரும். உள்வாயில் இறங்கும். நடுவில் ஆழமாகத் தோண்டும். மண் மலையாகக் குவியும். ஃபோட்டோ பிரமாதமாக இருக்கும். நான் கேட்கிறேன், மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் எப்படி ஐயா வயலுக்கு ஏறும்? ஏறாது. மாடு குடிக்கும், மீன் வளரும், கிணறு கொஞ்சம் ஊறும். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பால் பிடிக்கும் நெல்லுக்கு அது கிடைக்காது. சில இடங்களில் இன்னும் மோசம். அடியில் இருந்த களிப்படுகையை வெட்டியெடுத்து மணற்பாங்கு தெரிகிற அளவுக்குத் தோண்டிவிடுகிறார்கள். அப்புறம் நின்ற தண்ணீரும் நிற்பதில்லை.

கண்மாய் நிறையாததற்குப் பல ஊர்களில் காரணம் கண்மாய்க்கு உள்ளே இல்லை. வெளியே, இரண்டு மூன்று மைல் தள்ளி இருக்கிறது. அதுதான் வரத்துக்கால். ஆற்றிலிருந்தோ மேல் கண்மாய்க் கலுங்கிலிருந்தோ தண்ணீரைக் கொண்டுவரும் வழி. கண்மாயில் ஆக்கிரமிப்பு என்றால் ஊரே கூடிச் சத்தம் போடும். வரத்துக்கால் மூன்று ஊர் எல்லையைத் தாண்டி வருகிறது, அதை யார் பார்ப்பது? ஓர் இடத்தில் வீட்டுமனைக்காரர் மூடிவிட்டார். இன்னோர் இடத்தில் ரோடு போட்டவர்கள் பெரிய பாலத்துக்குப் பதில் சின்னக் குழாயைப் பதித்துவிட்டார்கள். மிச்ச தூரம் முழுக்கச் சீமைக்கருவேலம். ஆற்றில் மணலை அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்துவிட்டது. வாய்க்காலின் தலைமதகோ பழைய மட்டத்திலேயே நிற்கிறது. ஆற்றில் வெள்ளம் போகும், மதகுக்குள் நுழையாது. வாயைத் தைத்துவிட்டு வயிற்றைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இதில் துறைக் குழப்பம் வேறு. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, வர வேண்டியதுதான். அதன் பிறகு சமஸ்தானக் கண்மாய்கள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. கண்மாய் பாசனம் செய்யும் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுப்பணித்துறை, இப்போது நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். சங்கிலியில் மேலே இருப்பது ஒரு துறை, கீழே இருப்பது இன்னொரு துறை. நடுவில் வரும் வரத்துக்கால் புறம்போக்கு, அது வருவாய்த்துறை. தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியுமா?

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஒரேயடியாக ஒழித்துவிட வேண்டும் என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். நான் அப்படிப் பேசமாட்டேன். நிலமில்லாத எத்தனையோ குடும்பங்கள் கரிமூட்டம் போட்டு அந்த மரத்தில்தான் உலை வைக்கின்றன. தரிசில் நிற்பதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம். வரத்துக்காலிலும் உள்வாயிலும் கரையிலும் நிற்பதை முதலில் எடுங்கள். எடுக்கும்போது வேரோடு எடுங்கள். அடியில் வெட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்து நிற்கும்.

இப்போது மூன்றாவது கேள்வி. கண்மாயில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது. ஆயக்கட்டு முழுவதும் பயிர் நிற்கிறது. யாருக்கு முதலில்?

நம் ஊர்களில் இதற்கு ஓர் ஆள் இருந்தார். நீர்பாய்ச்சி என்போம், சில ஊர்களில் மடைக்குடும்பன், வேறு பக்கங்களில் நீர்க்கட்டி. தண்ணீர் தாராளமாக இருக்கும்போது அவரவர் பாய்ச்சிக்கொள்ளலாம். குறைந்துவிட்டது என்று ஊர் முடிவு செய்த நாளிலிருந்து நிலத்துக்காரர் எவரும் வாய்க்காலில் மண்வெட்டி வைக்கக் கூடாது. நீர்பாய்ச்சி மட்டும்தான். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் போவார். வாய்மடையில் இரண்டு கொத்து மண்ணை எடுத்து ஓரத்தில் வைப்பார். தண்ணீர் வயலின் எதிர்மூலை வரப்பைத் தொட்டதா என்று காலால் தடவிப் பார்ப்பார். தொட்டதும் அதே இரண்டு கொத்தை எடுத்து அடைத்து, ஒரு மிதி மிதித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போவார். அது தலைவர் வயலா, விதவையின் வயலா என்று பார்ப்பதில்லை. அறுவடையன்று களத்தில் அவருக்கு மரக்கால் கணக்கில் நெல்.

இந்த இடத்தில் பலர் நெகிழ்ந்துபோய் 'ஆஹா, நம் பண்டைய சமத்துவம்' என்று எழுதிவிடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். நீர்பாய்ச்சி பெரும்பாலும் தலித் குடும்பத்தைச் சேர்ந்தவர். பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. நிலம் இல்லாததால்தான் அவரிடம் பாரபட்சம் இல்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். அப்படியானால் நிலமில்லாமல் இருப்பது ஒரு தகுதியா? ஊருக்கெல்லாம் தண்ணீரைப் பங்கிட்டவருக்கு ஊர் எதைப் பங்கிட்டது? டேவிட் மோஸ் என்ற மானிடவியலாளர் நம் சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களை ஆராய்ந்து 2003இல் ஒரு நூல் வெளியிட்டார். கண்மாய்ப் பாசனம் அரசர், ஜமீன், சாதி என்ற அதிகாரத்தோடு பின்னிக் கிடந்தது, அதைக் கிராமத்தின் பொற்காலமாகப் பார்ப்பது சரியில்லை என்று காட்டினார். குடிமராமத்தும் எல்லாக் காலத்திலும் மனமுவந்து செய்த வேலையில்லை. 1858இல் சென்னை மாகாணத்தில் அதற்கென்றே கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். மனமுவந்து வருபவனுக்குச் சட்டம் எதற்கு?

ஆகவே பழைய முறையை அப்படியே திரும்பக் கொண்டுவருவோம் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலை திரும்ப வர வேண்டும் என்கிறேன். பிறப்பால் வருகிற வேலையாக இல்லாமல், சம்பளமும் அதிகாரமும் உள்ள வேலையாக. ஒரு கண்மாயைத் தோண்ட லட்சக்கணக்கில் செலவாகிறது. அந்தத் தண்ணீரைப் பங்கிட ஒரு ஆளுக்கு நான்கு மாதச் சம்பளம் கொடுக்க எந்தத் திட்டத்திலும் பத்தி இல்லை. மதகுக்குப் பணம் உண்டு, மதகு திறப்பவருக்குக் கிடையாது.

பங்கீட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது. கடலுக்கு அப்பால், இலங்கையின் உலர்வலயத்தில் நம்மைப் போலவே சங்கிலிக் குளங்கள். அங்கே சிங்களக் கிராமங்களில் பெத்ம என்று ஒரு வழக்கம். சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு என்றால் எல்லா வயலையும் விதைப்பதில்லை. குளத்துக்கு அருகே உள்ள வயல்களை மட்டும் எடுத்து, அந்த ஒரு போகத்துக்கு எல்லா விவசாயிகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். கடைமடைக்காரருக்கும் மடை ஓரத்தில் ஒரு துண்டு. வாய்க்கால் நீளம் குறைகிறது, வழியில் உறிஞ்சப்படும் தண்ணீர் மிச்சமாகிறது. எல்லோர் வீட்டுக்கும் கொஞ்சம் நெல் வருகிறது. நம் ஊரில் என்ன செய்கிறோம்? பத்து ஏக்கர் தண்ணீரை வைத்துக்கொண்டு நாற்பது ஏக்கர் விதைத்து, நாற்பதிலும் பதர் அறுக்கிறோம்.

பண்ணைக்குட்டையையும் பார்த்துவிடுவோம். 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், சரிவான பக்கங்கள் என்று வெட்டினால் ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர் பிடிக்கும். வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் வரை ஆவியாகும். இரண்டு மாதம் வைத்திருந்தால் 2.7 லட்சம் லிட்டர் காற்றோடு போகும். கசிவும் போக, கரிசல் மண்ணில் பாதியாவது நிற்கும் என்று வைத்துக்கொண்டால் மூன்று ஏக்கருக்கு ஒரு தண்ணி. நம் கணக்குக்குச் சரியாக வருகிறது இல்லையா? ஆனால் குட்டைக்கே 22 சென்ட் நிலம் போய்விடும், கரையையும் சேர்த்தால் கால் ஏக்கர். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலமே 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கீழே. ஒரு ஏக்கர் வைத்திருப்பவரிடம் கால் ஏக்கரைக் குட்டைக்குக் கொடு என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வரக் கூடாது. அண்ணன் தம்பி இரண்டு பேர், அடுத்த வரப்புக்காரர் ஒருவர் என்று சேர்ந்து பொதுவரப்பில் வெட்டினால் அது பலன் தரும்.

குட்டையில் இருப்பதை நெல்லுக்குத்தான் விட வேண்டும் என்றில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாயைப் பாருங்கள். மிளகாய்க்கு நெல்லைப் போலத் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டாம். நம் பெண்கள் குட்டையிலிருந்து குடத்தில் மொண்டு செடிச் செடியாக ஊற்றி அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சொட்டுநீர் என்ற பெயர் வருவதற்கு முன்பே அவர்கள் இடுப்பில் இருந்தது அதுதான். அந்த இடுப்பு வலிக்கு ஒரு சின்ன மோட்டாரும் குழாயும் விடை. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்க் கருவிக்கு அரசு முழு மானியம் தருகிறது. ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். நம் பக்கத்தில் பல ஊர்களில் போட்டவுடன் உப்பு. குடிக்கவே காவிரியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிறோம். மேலே விழுகிற தண்ணீர்தான் நமக்கு நல்ல தண்ணீர்.

கோடை உழவு, உள்வரப்பு, கண்மாய் வண்டலை வயலில் அடிப்பது எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செய்ய மறந்தவர்கள் செய்யுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேலை. ஆடி முடிவதற்குள் உங்கள் ஊரில் பத்துப் பேர் சேருங்கள். பாதிப் பேராவது நாற்பது வயதுக்குக் கீழ் இருக்கட்டும். கடைமடைக்காரரும் பெண்களும் அவசியம் இருக்கட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் வரத்துக்கால் வரும் புல எண்களின் வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். கண்மாய் வாயிலிருந்து எதிர்த்திசையில் தலைமதகு வரை நடங்கள். பக்கத்து ஊர் எல்லை வந்தால் அந்த ஊர்க்காரர் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் புல எண்ணில் அடைப்பு, வரைபடத்தில் எத்தனை மீட்டர் அகலம், நிலத்தில் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆகஸ்ட் 15 கிராமசபையில் 'கண்மாயைத் தூர்வாரித் தாருங்கள்' என்ற வழக்கமான தீர்மானத்துக்கு முன்னால் அந்த நோட்டில் இருப்பதை வரிவரியாகத் தீர்மானமாக வையுங்கள். நீர்பாய்ச்சிக்குச் சம்பளம் என்பது இரண்டாவது தீர்மானம். பருவமழைக்கு அதன்பிறகு இரண்டு மாதம் இருக்கும். வரத்துக்காலில் மண்வெட்டி போட அது போதும்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி உள்ளவர்கள் கேளுங்கள், முதலில் பின்வரிசைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.